ஜெல் எலக்ட்ரோபோரெசிஸுக்கான தாங்கல் கரைசல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிஎன்ஏ, ஆர்என்ஏ, புரதம் ஆகியவற்றை ஜெல் வழியே மின்சாரத்தால் நகர்த்தி, அளவுக்கேற்பப் பட்டைகளாகப் பிரிப்பதே ஜெல் எலக்ட்ரோபோரெசிஸ். ஜெல் ஓட்டப் பழகும் மாணவர்கள் பெரும்பாலும் மாதிரியின் மீதும் ஜெல்லின் மீதும் முழுக் கவனத்தையும் வைத்துவிட்டு, தொட்டியில் ஊற்றும் கரைசலைத் தண்ணீருக்குச் சற்று மேலான ஒன்றாகவே எண்ணிவிடுகிறார்கள். பட்டைகள் வளைந்தோ மங்கியோ நகராமலோ போகும்போது குற்றம் மாதிரியின் மேல் விழுகிறது. காரணம் பல நேரங்களில் அந்தக் கரைசலில்தான் இருக்கிறது. ஆய்வகப் பேச்சில் பஃபர் எனப்படும் தாங்கல் கரைசலைத் தயாரிக்கும்போது திரும்பத் திரும்ப எழும் ஐயங்களுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

வெறும் காய்ச்சி வடித்த நீரிலோ உப்பு நீரிலோ ஜெல்லை ஏன் ஓட்டக் கூடாது?

காய்ச்சி வடித்த நீரில் மின்னோட்டத்தைச் சுமந்து செல்லப் போதிய அயனிகள் இல்லை. ஆகவே மின்னழுத்தம் கொடுத்தாலும் டிஎன்ஏ சரியாக நகராது. உப்பு நீரில் அயனிகளுக்குக் குறைவில்லை என்றாலும் அங்கே வேறொரு சிக்கல் எழுகிறது. மின்சாரம் பாயும்போது தொட்டியின் இரு முனைகளிலும் நீர் பிளவுறுகிறது: எதிர்மின்வாயின் அருகே ஹைட்ராக்சைடு அயனிகளும் நேர்மின்வாயின் அருகே ஹைட்ரஜன் அயனிகளும் உருவாகின்றன. இவற்றை ஏற்றுக்கொண்டு நடுநிலைப்படுத்த எதுவும் இல்லாவிட்டால் சிறிது நேரத்திலேயே ஒரு முனை காரமாகவும் மறுமுனை அமிலமாகவும் மாறிவிடும். டிஎன்ஏவின் பாஸ்பேட் தொகுதிகள் எதிர்மின்னூட்டத்துடன் நிலைத்திருந்து, இரட்டை இழையும் பிரியாமல் இருக்கப் பிஎச் 8-ஐ ஒட்டி நிற்க வேண்டும். மின்னோட்டத்தைச் சுமப்பது, பிஎச் மாறாமல் காப்பது ஆகிய இரண்டு வேலைகளையும் ஒருங்கே செய்வதற்காகவே தாங்கல் கரைசல் தேவைப்படுகிறது.

கரைசலில் உள்ள ஒவ்வொரு பொருளும் என்ன செய்கிறது?

டிரிஸ் என்பது வலுக்குறைந்த காரம். 25 டிகிரி செல்சியஸில் அதன் பிகேஏ மதிப்பு, அதாவது அதன் கார வடிவமும் அயனி வடிவமும் சம அளவில் இருக்கும் பிஎச், ஏறத்தாழ 8.1. அந்த மதிப்பின் அருகில்தான் அதன் தாங்கல் திறன் உச்சத்தில் இருக்கும் என்பதால் டிஎன்ஏ வேலைக்கு அது மிகவும் பொருந்துகிறது. அசிட்டிக் அமிலமோ போரிக் அமிலமோ டிரிஸின் ஒரு பகுதியை நேர்மின் அயனியாக மாற்றி, தாமும் எதிர்மின் அயனிகளாகி மின்னோட்டத்தில் பங்கெடுக்கின்றன. ஈடிடிஏ மக்னீசியம் போன்ற உலோக அயனிகளைப் பற்றிக்கொள்கிறது. டிஎன்ஏவைச் சிதைக்கும் நொதிகள் பலவற்றுக்கு மக்னீசியம் தேவை என்பதால், அதை அகற்றுவது மாதிரிக்குப் பாதுகாப்பாகிறது.

டிஏஇ, டிபிஇ ஆகிய இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது?

டிரிஸ், அசிட்டேட், ஈடிடிஏ சேர்ந்தது டிஏஇ. டிரிஸ், போரேட், ஈடிடிஏ சேர்ந்தது டிபிஇ. பிரித்த துண்டை ஜெல்லிலிருந்து வெட்டியெடுத்து, அடுத்து நொதி கொண்டு ஒட்டவோ வெட்டவோ போகிறீர்கள் என்றால் டிஏஇ நல்லது. ஏனெனில் போரேட் எஞ்சி நின்றால் சில நொதிகளின் வேலையைத் தடுக்கும். சில ஆயிரம் கார இணைகளுக்கு (டிஎன்ஏவின் நீளத்தை அளக்கும் அலகு) மேற்பட்ட பெரிய துண்டுகளும் டிஏஇயில் நன்றாகப் பிரிகின்றன. நேர்கோட்டு வடிவ இரட்டை இழை டிஎன்ஏ, டிபிஇயைவிட டிஏஇயில் ஏறத்தாழ 10 சதவீதம் விரைவாக நகரும். ஆனால் டிஏஇயின் தாங்கல் திறன் குறைவு. நீண்ட நேரம் ஓட்டினால் அது தளர்ந்துவிடும்.

ஆயிரம் கார இணைகளுக்குக் குறைவான சிறு துண்டுகளுக்கும், பாலிஅக்ரிலமைடு ஜெல்லுக்கும், இரவு முழுவதும் ஓட்ட வேண்டிய சோதனைகளுக்கும் டிபிஇ ஏற்றது. போரிக் அமிலத்தின் பிகேஏ 9.2-ஐ ஒட்டியது, ஆகவே கரைசலின் பிஎச் மதிப்பில் அதன் சிறு பகுதி மட்டுமே அயனியாக இருக்கிறது. எஞ்சிய பெரும்பகுதி மின்னூட்டமின்றி இருப்பாகக் காத்திருந்து, காரம் பெருகும்போது அதை ஏற்றுக்கொள்கிறது. டிபிஇ நெடுநேரம் தாங்குவதற்கும், செறிவு கூடுதலாக இருந்தும் அளவுக்கு மீறிச் சூடாகாமல் இருப்பதற்கும் இதுவே காரணம். இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டிய சிறிய ஆய்வகம் என்றால், துண்டுகளை மீட்டெடுக்கும் வேலை அடிக்கடி வரும் பட்சத்தில் நான் டிஏஇயையே பரிந்துரைப்பேன்.

50 மடங்கு டிஏஇ இருப்புக் கரைசலை எப்படித் தயாரிப்பது?

இருப்புக் கரைசல் என்பது பயன்படுத்தும்போது நீர்ப்பதற்காகச் செறிவாகத் தயாரித்து வைப்பது; 50 மடங்கு என்றால் பயன்பாட்டுச் செறிவைப் போல் ஐம்பது மடங்கு. ஒரு லிட்டருக்கு டிரிஸ் காரம் 242 கிராம், கிளேசியல் அசிட்டிக் அமிலம் 57.1 மில்லிலிட்டர், பிஎச் 8.0 கொண்ட 0.5 மோலார் ஈடிடிஏ கரைசல் 100 மில்லிலிட்டர் தேவை. பெரிய பீக்கரில் ஏறத்தாழ 600 மில்லிலிட்டர் அயனி நீக்கிய நீரை எடுத்துக்கொண்டு, காந்தக் கலக்கி சுழலும்போது டிரிஸைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். டிரிஸ் முழுவதும் கரைந்த பின், புகைபோக்கி அறைக்குள் வைத்து அசிட்டிக் அமிலத்தை மெதுவாக ஊற்ற வேண்டும். அப்போது கரைசல் சூடாகும். பிறகு ஈடிடிஏவைச் சேர்த்து, அறை வெப்பநிலைக்கு ஆறிய பின் அளவுச் சாடியில் ஒரு லிட்டர் வரை நீர் விட்டு நிறைவு செய்யலாம்.

தொடக்கத்தில் 800 மில்லிலிட்டர் நீர் எடுக்கும் பழக்கம் பல கரைசல்களுக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. 242 கிராம் டிரிஸ் கரையும்போது கன அளவு ஏறத்தாழ 180 மில்லிலிட்டர் கூடுகிறது. அமிலமும் ஈடிடிஏவும் சேர்ந்து இன்னும் 157 மில்லிலிட்டர். 800-இல் தொடங்கியவர் ஒரு லிட்டர் கோட்டைத் தாண்டிவிடுவார். தாண்டிய கரைசலைச் சரிசெய்ய வழியில்லை.

புட்டியை எடுக்கும் முன் அதன் பெயரை முழுவதுமாகப் படியுங்கள். டிரிஸ் காரத்தின் மூலக்கூறு நிறை 121.14, டிரிஸ் ஹைட்ரோகுளோரைடின் மூலக்கூறு நிறை 157.6. இரண்டும் வெண்ணிறப் பொடிகள், அலமாரியில் அருகருகே இருப்பவை. ஹைட்ரோகுளோரைடை எடுத்துவிட்டால் பிஎச் வெகுவாகக் கீழிறங்குவதோடு, தேவையற்ற குளோரைடும் கரைசலில் நிறைந்துவிடும்.

டிஏஇயைத் தயாரித்த பின் பிஎச் மீட்டர் 8.5 எனக் காட்டுகிறது. அமிலம் சேர்த்துச் சரிசெய்ய வேண்டுமா?

வேண்டாம். இந்தப் பக்கத்திலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துச் செல்வதாக இருந்தால் இந்த விடையையே எடுத்துச் செல்லுங்கள்: தொட்டியில் ஓடும் கரைசலின் பிஎச் எடையிலிருந்து பிறப்பது; அதன் பிறகு துளித்துளியாக அமிலம் விட்டு உருவாக்குவது அன்று.

கணக்கைச் செய்து பார்த்தால் இது தெளிவாகும். 242 கிராம் டிரிஸை 121.14-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 2 மோல் கிடைக்கும். கிளேசியல் அசிட்டிக் அமிலத்தின் செறிவு ஏறத்தாழ 17.4 மோலார் என்பதால் 57.1 மில்லிலிட்டரில் இருப்பது ஏறத்தாழ 1 மோல். ஐம்பது மடங்கு நீர்த்தபின் 40 மில்லிமோலார் டிரிஸும் 20 மில்லிமோலார் அசிட்டேட்டும் 1 மில்லிமோலார் ஈடிடிஏவும் இருக்கும். அதாவது, டிரிஸின் சரிபாதியை அமிலம் அயனியாக மாற்றுகிறது. மறுபாதி காரமாகவே நிற்கிறது. இரண்டு வடிவங்களும் சம அளவில் இருக்கும் இடம்தான் பிகேஏ. ஆகவே சரியாக எடை போட்டிருந்தால் பிஎச் 8.1-ஐ ஒட்டியே வந்து சேர வேண்டும்; வெப்பநிலை, செறிவு, மின்வாயின் தன்மை ஆகியவற்றைப் பொறுத்து மீட்டரில் 8.2 முதல் 8.6 வரை தெரிவது இயல்பு.

இப்போது 8.5-ஐ 8.3 ஆக்குவதற்கென்று ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்தால், செய்முறையில் இல்லாத குளோரைடு அயனிகள் உள்ளே வருகின்றன. குளோரைடு மிக விரைவாக நகரும் அயனி. மின்னோட்டம் கூடும், வெப்பம் கூடும், பட்டைகளின் வேகமும் மாறும். மீட்டரில் எண் அழகாகத் தெரியும்; கரைசலோ டிஏஇயாக இராது.

அதனால் பிஎச் மீட்டர் இங்கே பயனற்றது என்று பொருளல்ல. அது ஒரு சாட்சி. மீட்டர் 7.4 என்றோ 9.5 என்றோ காட்டினால் எடையில் பிழை நேர்ந்திருக்கிறது என்று அறிந்து, கரைசலைக் கொட்டிவிட்டு மீண்டும் தொடங்க வேண்டும். பிழையை அமிலத்தால் மூடி மறைப்பதுதான் கூடாது.

அப்படியானால் எந்தக் கரைசல்களுக்குப் பிஎச் சரிசெய்ய வேண்டும்?

புரத ஜெல்லை வார்ப்பதற்கான டிரிஸ் ஹைட்ரோகுளோரைடு கரைசல்களுக்கும் (பிரிக்கும் ஜெல்லுக்கு 1.5 மோலார், பிஎச் 8.8, அடுக்கும் ஜெல்லுக்கு 0.5 மோலார், பிஎச் 6.8), ஈடிடிஏ இருப்புக் கரைசலுக்கும், ஆர்என்ஏ வேலைக்கான மாப்ஸ் (இன்னொரு தாங்கல் பொருள்) கரைசலுக்கும் பிஎச் சரிசெய்தாக வேண்டும். இவற்றில் எந்த அமிலம் அல்லது காரம் சேர வேண்டும் என்பதும் செய்முறையின் ஒரு பகுதியே.

1.5 மோலார் கரைசலுக்கு லிட்டருக்கு 181.7 கிராம் டிரிஸும், 0.5 மோலாருக்கு 60.6 கிராம் டிரிஸும் எடுத்து, முக்கால் பங்கு நீரில் கரைத்து, அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் பிஎச்சை இறக்க வேண்டும். அமிலம் சேரும்போது கரைசல் சூடாகும். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். டிரிஸின் பிஎச் ஒவ்வொரு டிகிரி செல்சியஸ் வெப்ப உயர்வுக்கும் ஏறத்தாழ 0.028 அளவு குறையும். 40 டிகிரியில் 8.8 என்று நிறுத்திய கரைசல் 25 டிகிரிக்கு ஆறும்போது 9.2-ஐத் தாண்டிவிடும். 25 டிகிரியில் 8.8 ஆக இருந்த கரைசலைக் குளிர் அறையில் 4 டிகிரியில் பயன்படுத்தினால் அது 9.4 அளவில் இருக்கும். ஆகவே இலக்குக்குச் சற்று முன்னதாக நிறுத்தி, முழுதும் ஆறவிட்டு, இறுதித் துளிகளை அதன் பின்னரே சேர்க்க வேண்டும். எந்த வெப்பநிலையில் அளந்தீர்கள் என்பதைப் புட்டியின் மேல் எழுதி வைப்பது அடுத்தவருக்குச் செய்யும் பெரிய உதவி.

மீட்டரை அன்றன்று இரண்டு நிலையான கரைசல்களால் அளவுதிருத்தம் செய்ய வேண்டும், 8.8-ஐ அளக்கப் போகிறவர் 4, 7 ஆகியவற்றை விட்டுவிட்டு 7, 10 ஆகியவற்றைப் பயன்படுத்துவதே முறை.

ஈடிடிஏ எவ்வளவு நேரம் கலக்கியும் கரையவில்லை. பொடி கெட்டுவிட்டதா?

பொடியில் குறையில்லை. 0.5 மோலார் கரைசலுக்கு லிட்டருக்கு 186.1 கிராம் டைசோடியம் ஈடிடிஏ டைஹைட்ரேட்டை 800 மில்லிலிட்டர் நீரில் இட்டால் அது பால் போன்ற வெண்கலங்கலாகவே நிற்கும். பிஎச் 8-ஐ நெருங்கினால்தான் அது கரையும். கலக்கிக்கொண்டே சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகளைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். மொத்தத்தில் ஏறத்தாழ 20 கிராம் ஆகும். கலங்கல் தெளிந்து கண்ணாடி போல் ஆகும் கட்டத்தில் பிஎச் ஏறக்குறைய 8.0 ஆக இருக்கும். பொறுமை இழந்து வில்லைகளை மொத்தமாகக் கொட்டினால் பிஎச் 8-ஐத் தாண்டிப் போய்விடும். சூடுபடுத்துவதும் உதவும், ஆனால் காரத்துக்கு அது மாற்றாகாது. சோடியம் சேராத ஈடிடிஏ அமிலம் என்று தனியாக ஒரு பொடி உண்டு. அதன் எடைக் கணக்கு வேறு, கரையும் தன்மையும் மிகக் குறைவு.

டிபிஇ தயாரிக்கும் முறை என்ன? புட்டியின் அடியில் வெண்ணிறமாகப் படிவது ஏன்?

10 மடங்குக் கரைசலுக்கு லிட்டருக்கு டிரிஸ் 108 கிராம், போரிக் அமிலம் 55 கிராம், 0.5 மோலார் ஈடிடிஏ 40 மில்லிலிட்டர். ஒரு மடங்காக நீர்த்தால் டிரிஸும் போரேட்டும் தலா 89 மில்லிமோலார், ஈடிடிஏ 2 மில்லிமோலார். பிஎச் தானாகவே 8.3-ஐ ஒட்டி அமையும்.

நாள்பட வைத்திருக்கும் 10 மடங்குக் கரைசலில், அதிலும் குளிரான அறையில், வெண்கட்டிகள் படிவது வழக்கம். மேலே தெளிந்து நிற்கும் பகுதியை மட்டும் ஊற்றி எடுத்தால் அதன் செறிவு செய்முறையில் சொன்னதாக இராது; அடியில் படிந்தது கரைசலின் ஒரு பங்கு அல்லவா? புட்டியை வெந்நீரில் வைத்துக் குலுக்கி முழுவதையும் மீண்டும் கரைத்துப் பயன்படுத்தலாம். கரைய மறுத்தால் விட்டுவிட வேண்டியதுதான். இந்தத் தொல்லையைத் தவிர்க்க 5 மடங்குக் கரைசலாகவே தயாரித்து வைப்பது நல்லது: 54 கிராம் டிரிஸ், 27.5 கிராம் போரிக் அமிலம், 20 மில்லிலிட்டர் ஈடிடிஏ. அகரோஸ் ஜெல்லுக்குப் பெரும்பாலும் அரை மடங்கு டிபிஇயே போதுமானது.

இருப்புக் கரைசலிலிருந்து பயன்பாட்டுக் கரைசலுக்கு எப்படிக் கணக்கிடுவது?

வேண்டிய மடங்கை இருப்பின் மடங்கால் வகுத்து, வேண்டிய கன அளவால் பெருக்கினால் போதும். 50 மடங்கு டிஏஇயிலிருந்து ஒரு லிட்டர் ஒரு மடங்குக் கரைசலுக்கு 20 மில்லிலிட்டர் இருப்பும் 980 மில்லிலிட்டர் நீரும். 10 மடங்கு டிபிஇயிலிருந்து ஒரு லிட்டர் அரை மடங்குக் கரைசலுக்கு 50 மில்லிலிட்டர் இருப்பும் 950 மில்லிலிட்டர் நீரும். செறிந்த கரைசல் அடியில் தங்கிவிடும் என்பதால் ஊற்றியபின் நன்றாகக் கலக்க வேண்டும்.

ஜெல்லுக்கு ஒரு கரைசலும் தொட்டிக்கு வேறொரு கரைசலும் பயன்படுத்தலாமா?

அகரோஸ் ஜெல்லைப் பொறுத்தவரை கூடாது. ஜெல்லில் டிஏஇ, தொட்டியில் டிபிஇ என்றோ, ஜெல்லில் ஒரு மடங்கு, தொட்டியில் அரை மடங்கு என்றோ இருந்தால் இரண்டு பகுதிகளிலும் மின்கடத்தும் திறன் வேறுபடும், பட்டைகள் கோணலாகும். எல்லாவற்றையும்விட அடிக்கடி நேரும் தவறு, அகரோஸை வெறும் நீரில் உருக்கி வார்ப்பது. பார்வைக்கு அந்த ஜெல்லும் மற்ற ஜெல் போலவே இருக்கும் என்பதால் ஓடத் தொடங்கும் வரை தவறு தெரிவதில்லை.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. அகரோஸை நுண்ணலை அடுப்பில் கொதிக்க வைக்கும்போது நீர் ஆவியாகிப் போகிறது. உப்புகள் அப்படியே தங்குகின்றன. கொதித்து முடிந்த கலவையில் அகரோஸின் சதவீதமும் கரைசலின் செறிவும் இரண்டும் கூடிவிடும். சூடாக்கும் முன் குடுவையை எடை போட்டு, சூடாக்கிய பின் மீண்டும் எடை போட்டு, குறைந்த அளவுக்கு வெந்நீர் சேர்த்து ஈடு செய்யுங்கள். அந்த ஈட்டை நீரால்தான் செய்ய வேண்டும், தாங்கல் கரைசலால் அன்று. அரை நிமிட வேலை இது. ஒரு நாள் ஜெல்லும் மறுநாள் ஜெல்லும் ஒரே மாதிரி ஓட இதைப்போல் உதவும் பழக்கம் வேறில்லை.

செறிவைக் கூட்டினால் விரைவாக ஓடுமா? மின்னழுத்தம் எவ்வளவு கொடுக்கலாம்?

செறிவைக் கூட்டினால் வேகத்துக்கு மாறாக வெப்பமே கூடும். மின்னழுத்தம் மாறாமல் இருக்கும்போது அயனிகள் அதிகமானால் மின்தடை குறைந்து, மின்னோட்டமும் வெப்பமும் ஏறுகின்றன. நீர்க்க மறந்து 10 மடங்குக் கரைசலையே தொட்டியில் ஊற்றி ஓட்டி, திரும்பி வந்து பார்க்கும்போது ஜெல் குழைந்து உருகிக் கிடந்ததை நானே ஒரு முறை கண்டிருக்கிறேன். அந்த மாதிரியைத் தயாரிக்க ஒரு வாரம் ஆகியிருந்தது.

டிஏஇயில் ஓட்டும் அகரோஸ் ஜெல்லுக்கு, மின்வாய்களுக்கு இடையிலான தொலைவில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 5 வோல்ட் என்பது நம்பகமான அளவு. அந்தத் தொலைவு 15 சென்டிமீட்டர் என்றால் 75 வோல்ட். கணக்கில் கொள்ள வேண்டியது ஜெல்லின் நீளம் அன்று என்பதைக் கவனியுங்கள். ஜெல்லுக்கு மேல் 3 முதல் 5 மில்லிமீட்டர் வரை கரைசல் நின்றால் போதும். அதற்கு மேல் ஊற்றினால் மின்னோட்டத்தின் பெரும்பங்கு ஜெல்லைத் தவிர்த்து மேலேயே பாய்ந்துவிடும். நடுவில் உள்ள பட்டைகள் முந்தி, ஓரத்துப் பட்டைகள் பின்தங்கி வளைவாகத் தெரிந்தால், ஜெல்லின் நடுப்பகுதி ஓரங்களைவிடச் சூடாகியிருக்கிறது என்று பொருள். மின்னழுத்தத்தைக் குறைக்க வேண்டும்.

புரத ஜெல்லின் தொட்டிக் கரைசலுக்கும் பிஎச் சரிசெய்யக் கூடாதா?

கூடாது, இங்கே காரணம் இன்னும் அழுத்தமானது. 10 மடங்குக் கரைசலுக்கு லிட்டருக்கு டிரிஸ் 30.3 கிராம், கிளைசின் 144 கிராம், புரதங்களை விரித்து எதிர்மின்னூட்டம் தரும் சலவைப்பொருளான எஸ்டிஎஸ் 10 கிராம். ஒரு மடங்கில் 25 மில்லிமோலார் டிரிஸ், 192 மில்லிமோலார் கிளைசின், 0.1 சதவீதம் எஸ்டிஎஸ். பிஎச் தானாகவே 8.3-ஐ ஒட்டி அமைகிறது.

1964-இல் ஆர்ன்ஸ்டீனும் டேவிஸும் விளக்கிய தொடர்ச்சியற்ற தாங்கல் முறையோடு எஸ்டிஎஸ்ஸை இணைத்து 1970-இல் லேம்லி வெளியிட்ட முறையே இன்று பரவலாக உள்ளது. அதன் உயிர்நாடி குளோரைடுக்கும் கிளைசினுக்கும் இடையிலான வேக வேறுபாடு. வார்த்த ஜெல்லில் குளோரைடு இருக்கிறது. தொட்டியிலிருந்து கிளைசின் வருகிறது. பிஎச் 6.8 உள்ள அடுக்கும் ஜெல்லில் கிளைசினின் நிகர மின்னூட்டம் மிகக் குறைவு என்பதால் அது மெதுவாக நகர்கிறது. விரைந்தோடும் குளோரைடுக்கும் பின்தங்கும் கிளைசினுக்கும் நடுவில் புரதங்கள் நெருக்கப்பட்டு மெல்லிய கோடாக ஒடுங்குகின்றன. பிஎச் 8.8 உள்ள பிரிக்கும் ஜெல்லுக்குள் நுழைந்ததும் கிளைசின் கூடுதல் மின்னூட்டம் பெற்று முந்திச் செல்ல, புரதங்கள் அளவுக்கேற்பப் பிரியத் தொடங்குகின்றன. தொட்டிக் கரைசலில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்ப்பவர், முன்னால் ஓட வேண்டிய குளோரைடைப் பின்னாலும் கொண்டுவந்து வைக்கிறார். அடுக்குதல் குலைந்து பட்டைகள் தடித்துப் பரவும்.

எஸ்டிஎஸ்ஸைக் கடைசியில் சேர்த்து, நுரை எழாதபடி மெதுவாகக் கலக்குங்கள். குளிரில் அது படியும். ஆகவே அறை வெப்பநிலையில் வைப்பதே சரி. பொட்டாசியம் கலந்த எதையும் அருகில் கொண்டுவராதீர்கள், ஏனெனில் பொட்டாசியத்தோடு எஸ்டிஎஸ் உடனே வெண்படிவாகிவிடும்.

ஆர்என்ஏ வேலைக்கு இதே கரைசல்கள் போதுமா?

ஃபார்மால்டிஹைடு ஜெல்லுக்கு மாப்ஸ் கரைசல் வழக்கமானது. 10 மடங்குக்கு லிட்டருக்கு மாப்ஸ் 41.8 கிராம், நீரற்ற சோடியம் அசிட்டேட் 4.1 கிராம், 0.5 மோலார் ஈடிடிஏ 20 மில்லிலிட்டர். சோடியம் ஹைட்ராக்சைடால் பிஎச் 7.0 ஆக்க வேண்டும். ஒளி படாமல் வைக்க வேண்டிய இந்தக் கரைசல் வெளிர் வைக்கோல் நிறமாவதில் கேடில்லை. அடர் மஞ்சளானால் விலக்கிவிடுங்கள். ஆர்என்ஏவைச் சிதைக்கும் நொதிகளை ஒழிக்கப் பயன்படும் டிஇபிசியை நீரில் மட்டுமே சேர்க்க வேண்டும். டிரிஸ் கலந்த கரைசலில் சேர்த்தால் அது டிரிஸோடு வினைபுரிந்து வீணாகும். டிஇபிசியால் பக்குவப்படுத்தி, ஆட்டோகிளேவ் செய்த நீரைக்கொண்டு டிரிஸ் கரைசலைத் தயாரிப்பதே முறை.

ஒரு முறை ஓட்டிய கரைசலை மீண்டும் பயன்படுத்தலாமா?

வெறும் பார்வைச் சோதனைக்கான சிறிய ஜெல் என்றால் டிஏஇயை இரண்டு மூன்று முறை பயன்படுத்தலாம். ஒவ்வொரு முறைக்கும் இடையில் தொட்டியின் இரு பக்கக் கரைசல்களையும் ஒன்றாக ஊற்றிக் கலந்துவிட வேண்டும். டிபிஇ இன்னும் சில முறை தாங்கும். துண்டுகளை மீட்டெடுக்கும் ஜெல்லுக்கும் ஆர்என்ஏவுக்கும் ஒவ்வொரு முறையும் புதுக் கரைசல்தான்; முந்தைய மாதிரியின் எச்சம் அடுத்ததில் கலக்க இடம் தரக் கூடாது.

கரைசல்களை எப்படிச் சேமிப்பது?

இறுக மூடி, அறை வெப்பநிலையில். 50 மடங்கு டிஏஇக்கு ஆட்டோகிளேவ் தேவையில்லை. ஒரு மடங்கு கரைசலில் நாளடைவில் நுண்ணுயிர்கள் வளரக்கூடும்; கலங்கினாலோ இழையிழையாக ஏதேனும் மிதந்தாலோ கொட்டிவிடுங்கள். புட்டியில் பெயர், மடங்கு, தயாரித்த நாள், தயாரித்தவர் பெயர் நான்கும் இருக்க வேண்டும். இவற்றில் மடங்கு விடுபடுவதே மிகுந்த கேட்டைத் தருகிறது.

பட்டைகள் சரியாக வரவில்லை. குறை கரைசலில்தான் என்று எப்படி அறிவது?

மின் வழங்கியில் தெரியும் மின்னோட்ட அளவைப் பாருங்கள். உங்கள் தொட்டியில், வழக்கமான மின்னழுத்தத்தில், சரியாகத் தயாரித்த கரைசலோடு எத்தனை மில்லிஆம்பியர் காட்டுகிறது என்பதை ஒரு நல்ல நாளில் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அதன் பின் ஒவ்வொரு முறையும் முதல் நிமிடத்தில் அந்த எண்ணோடு ஒப்பிடலாம். வெகுவாகக் குறைந்திருந்தால் கரைசல் அளவுக்கு மீறி நீர்க்கப்பட்டிருக்கிறது, அல்லது இணைப்பில் கோளாறு. வெகுவாகக் கூடியிருந்தால் செறிவு மிகுந்திருக்கிறது. மாதிரி இழக்கப்படுவதற்கு முன்பே, ஜெல்லை நிறுத்திச் சரிசெய்யக்கூடிய கட்டத்திலேயே இது தெரிந்துவிடுகிறது.

மாதிரியோடு கலந்து ஓட்டும் சாயத்தின் போக்கும் செய்தி சொல்லும். அரை மடங்கு டிபிஇயில் 1 சதவீத அகரோஸில் புரோமோபீனால் நீலம் ஏறத்தாழ 300 கார இணைத் துண்டுகளோடும், சைலீன் சயனால் ஏறத்தாழ 4,000 கார இணைத் துண்டுகளோடும் சேர்ந்து நகரும். ஓட்டத்தின் நடுவில் புரோமோபீனால் நீலம் மஞ்சளாக மாறினால், அந்த இடம் அமிலமாகிவிட்டது, கரைசல் தன் தாங்கல் திறனை இழந்துவிட்டது என்று பொருள்.

சந்தேகம் தீராவிட்டால், வேறொருவர் தயாரித்த கரைசலில், அளவு தெரிந்த துண்டுகள் கொண்ட அளவுக்குறி டிஎன்ஏவை மட்டும் ஓட்டிப் பாருங்கள். அதுவும் கெட்டால் குறை ஜெல்லிலோ கருவியிலோ. அது நன்றாக வந்தால் உங்கள் புட்டியைக் கொட்டிவிடலாம்.

தயாரிக்கும்போதும் அப்புறப்படுத்தும்போதும் எவற்றில் எச்சரிக்கை வேண்டும்?

கிளேசியல் அசிட்டிக் அமிலம் தோலை எரிக்கும், ஆவி மூச்சை அடைக்கும். கையுறையும் கண்ணாடியும் புகைபோக்கி அறையும் இன்றி அதைத் திறக்காதீர்கள். எஸ்டிஎஸ் பொடி எளிதாகக் காற்றில் பறந்து மூக்கையும் தொண்டையையும் உறுத்தும். எடை போடும்போது முகக்கவசம் அணிய வேண்டும். போரிக் அமிலம் இனப்பெருக்கத்துக்குத் தீங்கு செய்யக்கூடியது என வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. கருவுற்றவர்கள் அந்தப் பொடியைக் கையாளும் வேலையை மற்றவரிடம் தயங்காமல் ஒப்படைக்க வேண்டும், ஒப்படைக்கப்பட்டவர் கேள்வி கேட்காமல் செய்து தர வேண்டும். டிஇபிசியும் உறையாத அக்ரிலமைடும் நச்சுப் பொருள்கள்.

சாயம் கலக்காத டிஏஇ, டிபிஇ ஆகியவற்றை நிறுவனத்தின் விதிப்படி அப்புறப்படுத்தலாம். டிஎன்ஏவை ஒளிரச் செய்யும் சாயமான எதிடியம் புரோமைடு கலந்த கரைசலைத் தனிக் கலத்தில் சேகரித்து, கிளர்வூட்டிய கரியால் சாயத்தை உறிஞ்சச் செய்து, கரியை அபாயக் கழிவாகக் கொடுக்க வேண்டும். வெளுப்புக் கரைசலை ஊற்றி நிறத்தைப் போக்குவது தீர்வாகாது. அதில் உருவாகும் பொருள்களும் மரபுப்பொருளுக்குத் தீங்கு செய்யக்கூடியவை. எதிடியம் நேர்மின்னூட்டம் கொண்டது என்பதால் டிஎன்ஏவுக்கு எதிர்த் திசையில், எதிர்மின்வாயை நோக்கி நகர்ந்து தொட்டிக் கரைசலில் கலக்கிறது. ஆகவே சாயத்தை ஜெல்லில் மட்டுமே சேர்த்திருந்தாலும், ஓட்டி முடித்த தொட்டிக் கரைசலைச் சாயம் கலந்ததாகவே கருதிக் கையாளுங்கள்.